உயிருள்ள மருந்து

அந்தக் கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்துக்குள் யார் போனாலும் சோப்பக்காவைத் தாண்டித்தான் போகவேண்டும். முதலாளியின் மாமனாரே ஒருநாள் வெளிச்செருப்போடு நேராக உள்ளே நுழையப் பார்த்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க, குளிச்சிட்டு வாங்க" என்று சோப்பையும் துண்டையும் கையில் திணித்துக் குளியலறைப் பக்கம் திருப்பிவிட்டாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே குளித்துவிட்டு, யாருக்கோ தைத்த சீருடையைத் தொளதொளவென்று மாட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் சோப்பக்கா. வீட்டில்கூட அதுவே நிலைத்துவிட்டது.

பெயர் வேடிக்கையாக வந்ததே தவிர, அந்தக் கண்டிப்பு வேடிக்கையாக வந்ததில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாருடைய செருப்பில் ஒட்டி வந்ததோ, எந்த வண்டிச் சக்கரத்தில் ஏறி வந்ததோ, ஒரு வைரஸ் பக்கத்துப் பண்ணைக்குள் நுழைந்துவிட்டது. நாலே நாளில் கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். இங்கே அடைவைத்திருந்த முட்டைகளையும் சேர்த்துத்தான். தட்டுகளைக் குழிக்குள் கவிழ்த்தபோது சில முட்டைகளுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்டது. இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. பத்தொன்பது வருஷமாக வைரஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே, வீட்டுக்குள் புகுந்த திருடன் மறுபடி தெருமுனையில் நிற்கிறான் என்று யாரோ சொன்னதுபோல அவள் கை தானாகச் சோப்பைத் தேடும்.

அந்தக் குளியலறையில்தான் கட்டியும் தட்டுப்பட்டது. காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு உள்ளே போகிறவள், வழக்கம்போலத் தலையோடு தண்ணீர் ஊற்றி, இடது மார்பில் சோப்பு தேய்த்தபோது விரல் ஓரிடத்தில் இடறி நின்றது. சின்ன எலுமிச்சங்காய் அளவுதான். ஆனால் அழுத்தினால் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வலியும் இல்லை.

அன்றைக்குப் பதினெட்டாம் நாள் முட்டைகளை மாற்றவேண்டிய நாள். இன்குபேட்டரிலிருந்து தட்டுத் தட்டாக எடுத்து, அடியில் விளக்கு வைத்துப் பார்த்து, கரு இல்லாததை ஒதுக்கி, மீதியைப் பொரிக்கும் அறைக்கு மாற்றவேண்டும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு வந்துவிடும். 'பொரிப்பு முடியட்டும், பார்த்துக்கலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று நாளும் குளிக்கும்போது கையை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

நாலாம் நாள் புருஷனுடைய வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அந்தப் பொரிப்பகத்துக்குத்தான் குஞ்சு வண்டி ஓட்டுகிறார். பின்னால் அடுக்கிய பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன.

"என்னங்க, மாருல ஒரு கட்டி இருக்கு."

அவர் சட்டென்று வண்டியை ஓரங்கட்டினார்.

"நிறுத்தாதீங்க. குஞ்சுக்குக் காத்து போகணும், ஓட்டுங்க."

"குஞ்சாம் குஞ்சு. எத்தனை நாளா?"

"நாலு நாளாத் தெரியும். எத்தனை நாளா இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

அவர் வண்டியை எடுத்தார். பண்ணையில் பெட்டிகளை இறக்கிய கையோடு, வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பரிசோதனைகள் முடிய மூன்று வாரம் ஆயிற்று. புற்றுதான். ஹார்மோன் மாத்திரைக்கு மசியாத வகை, வேகமாக வளர்கிற வகை என்று டாக்டரம்மா சொன்னாள். சின்ன உருவம், கனமான கண்ணாடி. ஒன்றை மூன்று தடவை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறவள்.

"முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன். இது எல்லாருக்கும் உள்ளது. இங்க ஒரு ஆராய்ச்சியும் நடக்குது. நீங்க விரும்பினா அதுல சேரலாம். கீமோ ஓடும்போதே கட்டிக்குள்ள ஒரு ஊசி போடுவோம். நாலு தடவை."

"என்ன ஊசி டாக்டரம்மா?"

"வைரஸ்."

சோப்பக்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

"வைரஸா? பத்தொன்பது வருஷமா அதை உள்ள விடாம இருக்கறதுதாம்மா என் வேலையே. நீங்க ஊசி வெச்சு உள்ள விடறேங்கறீங்களே!"

"உக்காருங்க. உக்காந்து கேளுங்க. காய்ச்சல் வந்தா சில பேருக்கு உதட்டோரம் கொப்புளம் வரும் பாருங்க, அந்த வைரஸ்தான். ஆனா பல்லைப் பிடுங்கி வெச்சிருக்கு. நல்ல செல்லுக்குள்ள போனா அதால பெருக முடியாது. புற்று செல்லுக்குள்ள போனா பெருகிப் பெருகி அந்தச் செல்லையே உடைச்சிடும். அது உடைஞ்சு சிதறும்போது, இத்தனை நாள் கண்ணுல படாம இருந்த புற்று உங்க உடம்போட எதிர்ப்பு சக்திக்கும் அடையாளம் தெரிஞ்சுடும். அதுவும் சேர்ந்து அடிக்கும்."

"கட்டாயம் கேக்குமா?"

"அப்படிச் சொன்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். கேக்குமான்னு கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. இதுவரைக்கும் எட்டு பேர் போட்டுக்கிட்டிருக்காங்க."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா மத்த வைத்தியம் அப்படியே நடக்கும். ஒண்ணும் குறையாது. நான் மூஞ்சியும் சுளிக்க மாட்டேன்."

இருபத்தாறு பக்கத்துக்கு ஒரு தாள்கட்டைக் கொடுத்து, வீட்டில் வைத்து நிதானமாகப் படிக்கச் சொன்னாள்.

வீட்டில் அதைப் படித்தது அவள் புருஷன்தான். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல உரக்கப் படித்தார். பக்கவிளைவுகள் வந்த பக்கத்தில் குரல் இறங்கி இறங்கி, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமாப் படி. அங்கதான் விஷயமே இருக்கு" என்றாள் அவருடைய அக்கா.

அந்த அண்ணி, புருஷன் போனபிறகு ஆறு வருஷமாக இவர்களோடுதான் இருக்கிறாள். ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். முந்நூறு பேருக்குச் சமைத்துப் பழகியதால் வீட்டிலும் முந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள்.

"ஜுரம், குளிர், வாந்தி, ஊசி போட்ட இடத்துல வீக்கம், புண்ணு..." என்று தம்பி படித்தார்.

"போதும், மூடு. நோய்க்கு நோயையே ஊசி போடுவாங்களாம். நெருப்பு பிடிச்ச வீட்டுல எண்ணெயைக் கொண்டுபோய் ஊத்தற கதையா இல்ல? ஏண்டி, உனக்கு என்ன தலையெழுத்தா? கீமோ போட்டுக்கிட்டு எத்தனை பேர் நல்லா நடமாடறாங்க! எங்க கேன்டீன்லயே ஒருத்தி இருக்கா."

"நான் இன்னும் முடிவு பண்ணலை அண்ணி."

"நீ முடிவு பண்ணாம இருக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. பிடிக்காததை அங்கயே வேண்டாம்னுட்டு வர்றவ நீ."

அண்ணி சொன்னது சரிதான். சோப்பக்காவுக்கே தன்னைப் பற்றி அது ஆச்சரியமாக இருந்தது.

மறுவாரம் பொரிப்பு நாள். தட்டு நிறைய ஈரம் காய்ந்த குஞ்சுகள், மஞ்சள் பஞ்சை அள்ளிக் கொட்டியதுபோல. அவற்றுக்கு ஊசி போடும் மேஜை அவளுடையது. அந்த மருந்து, புகை கக்கும் குளிர்க்கலத்துக்குள் கண்ணாடிக் குப்பிகளில் உறைந்து கிடக்கும். எடுக்கும்போது வெடித்தாலும் வெடிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டு உருக்கி, கரைசலில் கலந்து, ஒருமணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிடவேண்டும். தாமதமானால் மருந்து செத்துவிடும். செத்துவிடும் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். ஏனென்றால் அது உயிருள்ள மருந்து. வான்கோழியிலிருந்து எடுத்த வைரஸ். கோழிகளுக்கு ஒரு நோய் உண்டு. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் இழுத்துக்கொண்டு விழும். அறுத்துப் பார்த்தால் ஈரலெல்லாம் கட்டி. அது வராமல் இருக்கத்தான் பிறந்த அன்றே கழுத்தில் இந்த ஊசி.

ஒரு குஞ்சை இடது கையில் பிடித்துக் கழுத்துத் தோலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, உடம்பு முடியலையா?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள்.

"இல்லடி. பத்தொன்பது வருஷமா என்ன பண்றோம்னே தெரியாமப் பண்ணிட்டிருந்திருக்கேன்."

ஊசியைப் போட்டுக் குஞ்சைப் பெட்டியில் விட்டாள். அது தலையை உதறிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடிப்போயிற்று.

அன்று மாலை வேலை முடிந்ததும் நேராக டாக்டரம்மாவிடம் போய் இதைச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க சொல்ற தடுப்பூசியைப் படிச்சிருக்கேன். போடறவங்களை இப்பத்தான் பார்க்கறேன். ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். அது வராம தடுக்கறது. இது வந்ததை உடைக்கப் பார்க்கறது. ரெண்டும் வேற வேற வேலை. அது கேக்குதுன்னா இதுவும் கேக்கும்னு நினைச்சுக் கையெழுத்துப் போடாதீங்க."

"அப்படி நினைக்கலைம்மா. எல்லா வைரஸும் திருடன் இல்லைன்னு தெரிஞ்சுது. அது போதும். பேனாவைக் கொடுங்க."

வீட்டில் அண்ணி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்ப முதல் ஊசி? கேன்டீன்ல லீவு சொல்லணும்" என்றாள்.

முதல் ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை. உயரமான நர்ஸ் ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கி வந்தாள். படுக்கையில் கிடந்த சோப்பக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உருகி எவ்வளவு நேரமாச்சும்மா?"

நர்ஸ் திகைத்துப்போனாள். "என்னது?"

"குப்பியைச் சொல்றேன். உறைஞ்சதை எப்ப வெளியில எடுத்தீங்க? நேரத்தைக் குறிச்சிருக்கீங்களா?"

"குறிச்சிருக்கோம். இப்பத்தான் உருகிச்சு."

"குலுக்கலையே? குலுக்கக் கூடாது. மெதுவாச் சுழட்டணும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "மேலிடத்துலேர்ந்து சோதனைக்கு வந்திருக்காங்களா இவங்க? எல்லாத்தையும் காட்டிட்டே போடுங்க."

சாதாரண ஊசிதான். ஸ்கேன் கருவியால் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். மேலே ஒரு கட்டு ஒட்டினார்கள். கட்டை வெறுங்கையால் தொடக்கூடாது. மாற்றினால் பழையதைப் பைக்குள் போட்டு மூடி ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கவேண்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் கொஞ்சநாள் கிட்டே வரவேண்டாம். இதெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? நர்ஸ் சொல்லி முடிப்பதற்குள் இவள் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு மணிநேரத்தில் குளிர் பிடித்துக்கொண்டது. பல் கிடுகிடுவென்று ஆடியது. வெளியில் சுள்ளென்று வெயில் அடிக்க, உள்ளே மூன்று கம்பளிக்கு அடியில் நடுங்கினாள். அண்ணி கஞ்சி காய்ச்சி ஸ்பூனால் ஊட்டினாள். வாந்தி வந்தால் கிண்ணத்தைப் பிடித்தாள். கட்டை மாற்ற வந்தபோது சோப்பக்கா நடுங்குகிற குரலிலேயே அதட்டினாள்.

"கையுறை போடுங்க அண்ணி. மணிக்கட்டு வரைக்கும் இழுத்து விடுங்க. ஹூம், முதல்ல கையைக் கழுவுங்க. சோப்பு போட்டு."

"போட்டாச்சுடி. ஊருக்கெல்லாம் சோப்பு கொடுத்தவளுக்கு இப்ப நான் சோப்பு போடறேன். என் நேரத்தைப் பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அண்ணி மூக்கைத் துடைத்துச் சோப்பக்கா பார்த்ததில்லை.

இரண்டு நாளில் ஜுரம் விட்டது. அப்புறம் வாராவாரம் கீமோ. முடி போயிற்று, நாக்கில் ருசி போயிற்று, விரல்நுனி மரத்துப்போயிற்று. வேலைக்கும் போகமுடியவில்லை. புருஷன் தினமும் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொரிப்பகத்துச் செய்தியைச் சொல்வார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். அதற்குப் பதில் இது.

"இன்னிக்கு நூத்துக்கு எழுபத்தெட்டுதான் பொரிஞ்சுது."

"எழுபத்தெட்டா? ஈரப்பதத்தைக் குறைச்சிருப்பாளுங்க. போனைப் போட்டுக் கொடுங்க."

அந்தப் போனில் அவள் திட்டுகிற திட்டைக் கேட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

இரண்டாவது ஊசியின் அளவு கூடுதல். போட்ட ஏழாம் நாள் கட்டி வீங்கியது. எலுமிச்சங்காய் ஆரஞ்சுப்பழம் ஆனது. தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. கட்டு மாற்ற வந்த அண்ணி பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் சோப்பக்காவைக் கலக்கிவிட்டது.

"வளர்ந்துடுச்சா அண்ணி?"

"எனக்கு என்னடி தெரியும். கிளம்பு."

குஞ்சு வண்டியிலேயே ஏற்றிப் போனார்கள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்தாள், ஸ்கேனும் எடுத்தாள்.

"வைரஸ் வேலை செஞ்சு வீங்கியிருக்கலாம். கட்டி வளர்ந்தும் இருக்கலாம். இன்னிக்கு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலை. பத்து நாள் பொறுத்துப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி ஏதாவது மாறினா அடுத்த நிமிஷம் வாங்க."

"தெரியலைன்னு சொல்றாங்களே, டாக்டரே தெரியலைங்கறாங்களே" என்று புருஷன் நடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். மருந்து வாங்க அண்ணி அவரை இழுத்துக்கொண்டு போனாள். சோப்பக்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் பூப்போட்ட துணியை இறுகக் கட்டியிருந்தாள். கைப்பையிலிருந்து அளவு நாடாவின் நுனி தொங்கியது.

"வைரஸ் ஊசியா?" என்று அவளே கேட்டாள்.

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"மாரைக் கையால தாங்கிக்கிட்டு உக்காந்திருக்கியே. நானும் போட்டுக்கிட்டவதான். முதல் மூணு பேர்ல ஒருத்தி. தையல்கடை வெச்சிருக்கேன்."

"உங்களுக்கும் வீங்கிச்சா?"

"எனக்கு ஒண்ணுமே ஆகலை. ரெண்டு நாள் ஜுரம், அவ்வளவுதான். நாங்க முதல்ல போட்டுக்கிட்டவங்க, அதனால சின்ன அளவு. கட்டி கொஞ்சம் சுருங்கிச்சு, முழுசாப் போகலை. மாரையே எடுத்தாச்சு. இப்ப நுரையீரல்ல ஒரு புள்ளி. வேற மருந்து ஓடுது." சட்டையில் பட்டன் தைத்த விஷயம் மாதிரி சொன்னாள். "இதைச் சொல்லி உன்னைப் பயமுறுத்தலை. உனக்கு வீங்குதுன்னா உள்ள ஏதோ சண்டை நடக்குதுன்னுதான் எனக்குத் தோணுது. எனக்குச் சண்டையே நடக்கலையே. நான் டாக்டர் இல்லை, ஆனா உன் இடத்துல நான் இருந்தா இன்னிக்கு அழ மாட்டேன். பத்து நாள் கழிச்சு வேணும்னா அழுவேன்."

சோப்பக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"சரிங்க. தள்ளி வெச்சுக்கறேன்."

"அப்படி வா. உடம்பு தேறினதும் கடைக்கு வா. ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, மருந்துக்கடைக்கு மாடி."

அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். தையல்காரம்மா மெல்ல எழுந்து, ஒருதரம் மூச்சு வாங்கிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவைப் பார்த்த எட்டாம் நாள் சூடு தணிந்தது. பத்தாம் நாள் குளித்துக்கொண்டிருந்த சோப்பக்கா, தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். முன்பு கல்லாக இருந்த இடம் பழுத்த பழம்போல உள்ளே வாங்கியது. ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவள், "அண்ணி, இங்க வாங்க. கையுறை போட்டுக்கிட்டு வாங்க" என்று கத்தினாள். அண்ணி தொட்டுப் பார்த்தாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"இளகியிருக்குடி."

"நிஜமா?"

"முந்நூறு பேருக்கு மாவு பிசையற கை இது. எனக்குத் தெரியாதா?"

மூன்றாவது ஊசி, நாலாவது ஊசி. ஒவ்வொரு தடவையும் ஜுரம் வந்து போயிற்று. கீமோ முடிந்து ஒரு மாதம் கழித்து ஆபரேஷன். மார்பை முழுக்க எடுக்கவேண்டி வரவில்லை, கட்டி இருந்த பகுதியை மட்டும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று மூவரும் டாக்டரம்மாவுக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா தாளை ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எடுத்த இடத்துல உயிரோட ஒரு புற்று செல்கூட இல்லை. அக்குள்ல இருக்கற நெறிக்கட்டியிலயும் இல்லை."

புருஷன்தான் முதலில் கேட்டார். "அப்ப... எடுத்தது என்னங்க டாக்டரம்மா?"

"தழும்பு. கட்டி இருந்த இடத்துத் தழும்பு."

அண்ணி விருட்டென்று எழுந்து வெளியே போனாள். நடையில் அவள் கேன்டீனுக்குப் போன் போட்டு, "ஒண்ணும் இல்லையாம்! சுத்தமா ஒண்ணும் இல்லையாம்!" என்று கத்துவது உள்ளே கேட்டது. யாரோ ஒரு நர்ஸ் "உஷ்" என்பதும் கேட்டது.

"திரும்ப வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "வருஷக்கணக்காப் பார்த்துக்கிட்டே இருப்போம். கீமோ எவ்வளவு செஞ்சுது, வைரஸ் எவ்வளவு செஞ்சுதுன்னு உங்க ஒருத்தரை மட்டும் வெச்சுச் சொல்லமுடியாது. ஆனா இன்னிக்கு இது நல்ல செய்தி. எனக்கும் நல்ல செய்தி."

சோப்பக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தையல்காரம்மாவுக்கு ஏன் இப்படி ஆகலை?" என்றாள்.

"மத்தவங்க விவரத்தை நான் பேசக்கூடாதும்மா. பொதுவாச் சொல்றேன். முதல்ல வர்றவங்களுக்கு ரொம்பச் சின்ன அளவுதான் போடுவோம். ஆபத்து இல்லைன்னு பார்த்த பிறகு அடுத்தவங்களுக்குக் கூட்டுவோம், அப்புறம் இன்னும் கூட்டுவோம். முதல்ல வர்றவங்களுக்கும் இது தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடறாங்க. உங்களுக்கு அந்த அளவைத் தைரியமாப் போட்டோம் இல்லையா? அந்தத் தைரியம் எங்களோடது இல்லை. அவங்க கொடுத்தது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புருஷன் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவ்வளவு பேசியதில்லை. சோப்பக்கா கேட்டுக்கொண்டு வந்தாள். சந்தோஷத்துக்கு நடுவில் ஏதோ ஒன்று செருப்புக்குள் விழுந்த சரளைக்கல் மாதிரி உறுத்தியது.

அடுத்த வாரம் ஒரு பை நிறைய பழம் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். மருந்துக்கடை மாடிப்படி செங்குத்து. இந்தப் படியைத் தினமும் எப்படி ஏறுகிறாள் என்று நினைத்துக்கொண்டே ஏறினாள். சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு தையல் இயந்திரம், சுவரில் வெட்டிய துணிகள், தரையெல்லாம் நூல். தையல்காரம்மா தலைத்துணி இல்லாமல் இருந்தாள். முடி பூனைக்குட்டி ரோமம்போல முளைத்திருந்தது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அட, வீக்கக்காரி! வா வா. முகத்தைப் பார்த்தாலே தெரியுது. நல்லாயிடுச்சா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க." சொல்லும்போதே தவறு செய்து பிடிபட்டவள்போல அவளுக்குத் தலை குனிந்தது.

"அதுக்கு ஏன் குனியறே?"

சோப்பக்கா பையை மேஜையில் வைத்தாள்.

"நீங்க முதல்ல போட்டுக்கிட்டீங்க. உங்களுக்குச் சின்ன அளவு. அதை வெச்சுத்தான் எனக்கு... உங்களுக்கு ஒண்ணும் ஆகலை, எனக்கு ஆயிடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க. நன்றி சொல்லத்தான் வந்தேன்."

தையல்காரம்மா இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கு முன்னாடி எலிக்குப் போட்டாங்களாம். அதுங்க வீட்டுக்கும் பழம் வாங்கிட்டுப் போவியா?"

சோப்பக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தையல்காரம்மா அவளை அழவிட்டாள். பழப்பையிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"நான் பெரிய மனசோட போட்டுக்கிட்டேன்னு நினைச்சுக்காதே. எனக்கு நல்லாகும்னு நினைச்சுத்தான் போட்டுக்கிட்டேன். சின்ன அளவு, பலன் இல்லாமலும் போகலாம்னு அந்தம்மா ஒளிவுமறைவில்லாமச் சொல்லிட்டாங்க. ஆனா மனசு கேக்குமா? ஆபரேஷன் முடிஞ்சு முடிவு வந்தப்ப ரொம்பக் கோவம் வந்துச்சு. யார்மேலன்னு தெரியாத கோவம். ரெண்டு நாள் ஜுரத்துல கிடந்தேனே, அது அத்தனையும் வீணான்னு நினைச்சு நினைச்சு மாய்ஞ்சு போனேன்." பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். "நீ இந்தப் படி ஏறி வந்து நிக்கறே. இப்ப யோசிச்சுப் பார்த்தா, அந்த ஜுரம் வீணாப் போகலை."

"உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"புள்ளி அப்படியே நிக்குதாம். வளரலை. மூச்சு மட்டும் படியேறும்போது வாங்குது. தையல் உக்காந்து பண்ற வேலைதானே." கண்ணாடியை ஏற்றிவிட்டு, சோப்பக்காவை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "என்ன சட்டை இது? ஒரு பக்கம் தொங்குது, ஒரு பக்கம் இழுக்குது. ஆபரேஷனுக்கு முன்னாடி தைச்சதா?"

"ஆமாங்க. அது தெரியக்கூடாதுன்னுதான் கொஞ்சம் கூனி நடக்கறேன்."

"கூனினா முதுகுல வலிதான் வரும். எழுந்து வா."

நாடாவை உருவிக்கொண்டு கதவைச் சாத்தினாள். இடது பக்கத்துக்கு ஓர் அளவு எடுத்தாள், வலது பக்கத்துக்கு வேறு அளவு எடுத்தாள். தழும்பு இருந்த இடத்தில் நாடாவை அழுத்தாமல், விரலைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள். தன் சட்டையின் ஒரு பக்கத்தில் உள்ளே வைத்துத் தைத்திருந்த பஞ்சுத் திண்டைக் காட்டி, "உனக்கு இவ்வளவு வேண்டாம். ஒரு மடிப்பு கொடுத்தாப் போதும், யாருக்கும் தெரியாது" என்றாள். பென்சிலை நாக்கில் தொட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"நீ என்ன வேலைன்னு அன்னிக்குக் கேக்கலையே?"

சோப்பக்கா சொன்னாள். முட்டையைச் சொன்னாள், குஞ்சைச் சொன்னாள், கழுத்தில் போடும் ஊசியைச் சொன்னாள். குழிக்குள் கேட்ட சத்தத்தையும் சொன்னாள். பத்தொன்பது வருஷத்தில் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். தையல்காரம்மா "அடப்பாவமே" என்று மட்டும் சொல்லி, கொஞ்ச நேரம் அவள் தோளில் கையை வைத்திருந்தாள்.

"திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்குப் போறேங்க. வாசல்ல உக்காரச் சொல்லியிருக்காங்க, கொஞ்ச நாளைக்கு."

"அப்ப ரெண்டு சட்டையாத் தைச்சிடறேன்."

"அவசரம் ஒண்ணும் இல்லைங்க. உங்களுக்கு முடியும்போது மெதுவாத் தைங்க."

"மெதுவா என்ன மெதுவா? வியாழக்கிழமை வந்து வாங்கிக்க. நான் இருப்பேன்."

வியாழக்கிழமை சோப்பக்கா போனாள். தையல்காரம்மா இருந்தாள். இரண்டு சட்டையும் இஸ்திரி போட்டு மடித்துத் தயாராக இருந்தன.